மூன்று நாள் வாரம்

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், ஜீன்ஸ் சலவை செய்யும் ஆலை ஒன்றில் நான் ஏழு வருடம் வேலை பார்த்தேன். தைத்து முடித்த புதுப் பேண்டுகள் எங்களிடம் விறைப்பாகவும் கருநீலமாகவும் வரும். ஆளுயர இயந்திரங்களில் நுரைக்கல்லைப் போட்டு உருட்டி, யாரோ பத்து வருடம் போட்டுத் தேய்த்தது போல அவற்றை வெளுக்க வைப்போம். அமெரிக்காவில் எவரோ அதைப் புதுசு என்று வாங்குவார். வெளுத்த நீலமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

வேதியியல் படித்தவள் என்பதால் என்னை 'லேப் மேடம்' என்பார்கள். லேப் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் ஒரு பியூரெட் குழாய், சில கண்ணாடிக் குடுவைகள், மே மாதத்தில் அனலை வாரி வீசும் ஒரு விசிறி. காலையில் முத்தியால்பேட்டையிலிருந்து மொபெட்டில் கிளம்பினால் எட்டரைக்குள் வந்துவிடுவேன். முதலில் தொட்டிகளைப் பார்ப்பேன். அப்புறம்தான் டீ.

தொட்டிகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நீலத் தண்ணீர் முதலில் ஒரு பெரிய சேகரிப்புத் தொட்டியில் விழும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுச் சேற்றைப் பிரித்த பிறகு அடுத்த தொட்டிக்குப் போகும். அதைக் காற்றுத் தொட்டி என்போம். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருந்து மிச்ச அழுக்கைத் தின்னும். அவை பிழைத்திருக்க அடியிலிருந்து விடாமல் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு ப்ளோயர், மூலைக் கொட்டகையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். தொட்டி நன்றாக இருந்தால் தண்ணீர் காபி நிறத்தில் கொதிப்பது போலத் தெரியும். மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசம் வரும். வெளியே போகும் தண்ணீர் முழுக்கத் தெளிவாக இருக்காது. ஆனாலும் வாய்க்காலில் விடலாம் என்ற அளவுக்கு இருக்கும்.

தொட்டியை ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர். மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு, அது போதாமல் எங்களிடம் வேலைக்கு வந்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். புத்தகத்தில் நான் படித்ததையெல்லாம் அவர் வேறு பாஷையில் வைத்திருந்தார். நுண்ணுயிர் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "தொட்டிக்கு இன்னிக்கிப் பசி மேடம்," என்பார். நான் சோதித்துப் பார்த்தால் அதைத்தான் எண்ணாக எழுதுவேன்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் கோடையில் எண்ணெய் விலை ஏறியது. எங்கள் பாய்லர் பர்னஸ் ஆயிலில் எரிவது. நீராவி இல்லாமல் சலவை இல்லை. ஒவ்வொரு லோடு எண்ணெய் வரும்போதும் முதலாளியின் முகம் ஒரு பிடி சுருங்கியது. கடைசியில் பாய்லரைப் பிரித்து, விறகு எரிக்கிற மாதிரி மாற்றினார்கள். விறகும் கட்டுப்படி ஆகாமல், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரி ஓடு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. கொட்டையை உடைத்து எடுத்த பிறகு மிஞ்சும் ஓடு அது. அதில் ஒரு காரமான எண்ணெய் இருக்கும். கையில் பட்டால் கொப்புளிக்கும். எரித்தால் புகை கண்ணைக் குத்தும். நன்றாக எரியும் என்பது மட்டும் உண்மை.

அந்தப் புகையோடு ஒரு வருடம் வாழ்ந்தோம். என் வெள்ளைக் கோட்டின் தோளில் எண்ணெய்ப் பசையாகக் கரி படிந்திருக்கும். வெளுத்த பேண்டில் தொங்கும் நூலை வெட்டும் பிரிவில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் முறை வரவில்லை. அவரும் முந்திரி ஓட்டுக்கு மாறியிருந்தார்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியுதும்மா," என்றார். "எனக்கும்தான் கண்ணு எரியுது. எண்ணெ வெல எறங்கட்டும், மறுநாளே மாத்திடலாம்."

எண்ணெய் விலை இறங்கியது. தீபாவளி கழிந்த பிறகு மளமளவென்று இறங்கியது. ஆனால் அதற்குள் வெளுக்க வைக்கப் பேண்டு இல்லாமல் போய்விட்டது.

அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று விழுந்ததை எனக்கு முதலில் சொன்னவர் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். மாடியில் நானும் அம்மாவும் குடியிருந்தோம், கீழே அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா. பிரெஞ்சு டிவிதான் பார்ப்பார். நான் மொபெட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று, "கிரீஸ் வந்துடுச்சு மதாம், பெரிய கிரீஸ்," என்றார். எனக்கு வண்டிக்குப் போடுகிற கிரீஸ்தான் ஞாபகம் வந்தது. நெருக்கடிக்கு அவர்கள் மொழியில் அந்தச் சொல் என்று விளக்கினார். அவருக்குப் பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. ஆகவே வருத்தமில்லாமல் சொன்னார். நானும் வருத்தமில்லாமல் கேட்டுக்கொண்டு அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். வங்கி விழுவதற்கும் என் காற்றுத் தொட்டிக்கும் என்ன இருக்கிறது என்று யோசிக்கக்கூட இல்லை.

ஒரே மாதத்தில் தெரிந்தது. முதலில் ஒரு வாடிக்கையாளர், அனுப்ப வேண்டாம், காத்திருங்கள் என்றார். தயாரான பெட்டிகள் கிடங்கில் கூரை வரை ஏறின. அடுத்தவர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். இன்னொருவர் பதிலே போடவில்லை. எட்டு இயந்திரங்களில் ஐந்து நின்றன. அவற்றின் வட்டக் கதவுகள் திறந்தபடி கிடக்க, உள்ளே ஒரு பூனை குட்டி போட்டது. நூல் வெட்டும் பிரிவில் அறுபது பெண்கள் இருந்தார்கள். பத்துப் பேர், எட்டுப் பேராக, "சொல்லி அனுப்புறோம், அப்ப வாங்க," என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. தன் அறையின் ஏசியை முதலில் நிறுத்தியவர் அவர்தான். காரை விற்றுவிட்டு மகனுடைய ஸ்கூட்டரில் வந்தார். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேசைமேல் கரி விழும், கையால் தள்ளிவிடுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். நின்றுகொண்டிருந்த என்னை உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ப்ளோயரு ராத்திரியும் ஓடணுமாம்மா?"

"ஓடணும் சார்."

"மெஷினே ஓடல. மூணு மெஷின் தண்ணிக்கு எட்டு மெஷின் கரண்டு இழுக்குது அது. சாயங்காலம் நிறுத்திட்டுக் காலையில போட்டா இன்னா ஆவும்?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படித்திருந்தேன். "கொஞ்சம் பாதிக்கும் சார்," என்றேன். கொஞ்சம் என்ற அந்தச் சொல்லை ஏன் போட்டேன் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் போட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

அன்று மாலை நானே போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையில் வலை கட்டிய கம்பு இருந்தது. தொட்டியில் விழுந்த இலைகளை அரித்துக்கொண்டிருந்தார்.

"ராவெல்லாம் மூச்சு வுடாம இருன்னு சொன்னா நீங்க இருப்பீங்களா மேடம்?"

"மொதலாளி சொல்றாருண்ணே."

"அவரு சொல்வாரு. அவருக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும் இல்ல?"

அவர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய் ஸ்விட்சைத் தட்டினார். ஏழு வருடமாகக் காதில் இருந்த சத்தம் அது. நின்றதும் ஆலைக்குப் பின்னால் மைனாக்கள் கத்துவது கேட்டது.

மூன்று வாரத்தில் காபி நிறம் கறுத்தது. காலையில் கேட்டைத் தாண்டும்போதே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. வெளியே போகும் தண்ணீரில் நீலம் தெரிந்தது. குடுவையில் பிடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், பள்ளிக்கூடத்து மைப்புட்டியைக் கழுவி ஊற்றிய மாதிரி இருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தால் காட்ட, தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று தினமும் சோதித்து அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் சோதனைக்கு வேண்டிய ரசாயனம் தீர்ந்திருந்தது. வாங்கித் தரச் சொன்னால் அடுத்த வாரம் என்றார்கள். அன்று முந்தைய மாதத்து எண் ஒன்றைப் பார்த்து, அதைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். ரசாயனம் வந்த பிறகும் அப்படியே எழுதினேன். சோதித்தால் உண்மையான எண் வரும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சோதிக்காமல் இருப்பது எளிதாக இருந்தது. ஒருமுறை நான் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் சோதனைக்கான தண்ணீரைக் குடுவையில் எடுத்துக்கொண்டு வந்தார். பியூரெட் காய்ந்திருப்பதைப் பார்த்தார். எழுதும் கையைப் பார்த்தார். குடுவையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு சோதனைத் தண்ணீரை அவர் கொண்டுவருவதில்லை.

அந்த நாட்களில் எனக்கு எதைக் கண்டாலும் அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா டிவியில் மின்வெட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பாள். தமிழ்நாட்டுப் பக்கம் மணிக்கணக்கில் மின்வெட்டு. எங்களுக்கு அந்த அளவு இல்லை என்றாலும் சாயங்காலத்தில் ஒருமுறை போகும். இருட்டில் இருவரும் உட்கார்ந்திருப்போம். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். வாட்ச்மேன் வந்து, "மேடம், யாரோ ஒரு பொம்பள, தண்ணி பாக்குற அம்மாவப் பாக்கணும்னு நிக்கிறாங்க," என்றார். போனேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். ஒரு கையில் மூடி போட்ட தூக்குவாளி, இன்னொரு கையில் ஈரத்துணியில் சுற்றிய கட்டு. பேட்டைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகக் கீரைப் பாத்தி போட்டிருக்கிறவர். காலையில் அறுத்துக் கட்டிப் பெரிய மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவாராம்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் துணியைப் பிரித்துக் காட்டினார். அரைக்கீரை. இலைகளின் ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டினது போலச் சுருண்டு பழுத்திருந்தது.

"நீதான் தண்ணிக்கு டாக்டராமே. இந்தா, இது வாய்க்காத் தண்ணி. இதுல இன்னா இருக்குதுன்னு பாத்து சொல்லும்மா. மருந்து எதனா போட்டா சரியாவுமா?"

அவருக்கு என் மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. தூக்குவாளியை வாங்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒழுங்காக ஒரு சோதனை செய்தேன். முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எண் வந்தது. அந்த அழுக்கு முழுக்க எங்களுடையது என்று சொல்ல முடியாது. மேலே இன்னும் பல ஆலைகள் அதே வாய்க்காலில்தான் விட்டன. ஆனால் தண்ணீரில் இருந்த நீலம் எங்களுடையது.

தூக்குவாளியோடு வெளியே போய், "இந்தத் தண்ணிய ஊத்தாதீங்கம்மா," என்றேன்.

"வேற எந்தத் தண்ணிய ஊத்துறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தூக்குவாளியை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, "ஒனக்கும் வேல இருக்கும், போம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மதியம் சாப்பிடாமல் முதலாளி அறைக்குப் போனேன். பதிவேட்டை எடுத்துப் போய் மேசைமேல் வைத்து, "இதுல ரெண்டு மாசமா நான் எழுதினது எல்லாம் பொய் சார்," என்றேன்.

அவர் பதிவேட்டைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னைப் பொய் எழுதச் சொன்னேனாம்மா?"

"இல்ல சார். ப்ளோயர நிறுத்தச் சொன்னீங்க. மீதிய நானே செஞ்சிக்கிட்டேன்."

"சரி. ப்ளோயரப் போட்டுடு. இன்னிக்கே போட்டுடு." அவர் குரல் உயரவில்லை. "நூல் வெட்டுறதுல இப்ப முப்பத்திரெண்டு பேரு இருக்காங்க. ப்ளோயரு ராத்திரி பகலா ஓடணும்னா இன்னும் ஆறு பேர நிறுத்தணும். நான் ஒருத்தன் எத்தன மூஞ்சியப் பாத்து அதச் சொல்றது? இந்தத் தடவ நீ சொல்லு. யாரு யாருன்னு நீயே பேர எழுதிக் குடு."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே யாராவது எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்பது போலச் சொன்னார். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நூல் வெட்டும் பிரிவுக்கு ஒரு மேஸ்திரி அம்மா இருந்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கடலுக்குப் போகிற குடும்பம்; கணவர் இன்னும் படகில் போய்க்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள், நானும். வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இன்னாடி, மூஞ்சி இப்படிக் கெடக்குது?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு பேர் என்றது உட்பட. சொல்லியிருக்கக் கூடாதுதான். தனியாக வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

அவர் ஒரு கருவாட்டுத் துண்டை என் கையில் வைத்தார். "இப்ப எங்களுக்கு இன்னா வேலன்ற? காலையில வந்து ஒக்காந்தா பதினோரு மணிக்குப் பேண்டு வருது. மூணு மணிக்குத் தீந்துடுது. அப்புறம் ஈ ஓட்டுறோம். மூணு நாள்ல முடிக்கிற வேலைய ஆறு நாளா இழுக்குறோம்."

காற்றுத் தொட்டிப் படியில் பீடி குடித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு இது காதில் விழுந்திருக்கிறது. எழுந்து வந்தார். பல நாட்களுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார்.

"பாய்லரும் அப்படித்தான் மேடம். தெனமும் காலையில ஆறிப் போனத மூட்டுறாங்க. நீராவி வர்றதுக்குள்ள பத்து மூட்ட ஓடு பூடுது. அப்புறம் மூணு மெஷினுக்கு மதியம் வரைக்கும் ஓட்டிட்டு அணைக்கிறாங்க. வேலைய மூணு நாளுக்குச் சேத்து, ஆறு மெஷினப் போட்டு ஓட்டுனா ஓடு எவ்ளோ மிச்சமாவும் தெரியுமா?"

"அவ்ளோ தண்ணியும் ஒரேயடியா வருமேண்ணே?" என்றேன்.

"பெரிய தொட்டியில புடிச்சி வெச்சிக்கலாம். வாரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா வுட்டா காத்துத் தொட்டிக்கும் தீனி கெடைக்கும். ப்ளோயர ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் நிறுத்துனாக்கூடப் போதும். தாங்கும். ராவெல்லாம் நிறுத்துனாதான் சாவுது."

நான் லேபுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். எத்தனை மூட்டை முந்திரி ஓடு, எத்தனை யூனிட் மின்சாரம், தொட்டி எவ்வளவு தண்ணீர் கொள்ளும். மூன்று முறை போட்டேன். அண்ணன் சொன்னது சரியாக இருந்தது. படித்த பெண் என்று ஏழு வருடம் பேர் வாங்கிக்கொண்டு, இதை நான் யோசிக்கவில்லை. பேண்டு வந்தால் உடனே வெளுத்து அனுப்ப வேண்டும் என்ற பழைய பழக்கத்திலேயே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அவசரப்படுத்த யாரும் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதலாளி காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "பொண்ணுங்களுக்கு மூணு நாள் கூலிதான் வரும். ஒத்துக்குவாங்களா?" என்றார். "யாரையும் நிறுத்த மாட்டேன்னு நீங்க சொன்னா கேட்டுப் பாக்குறோம்," என்றேன். "சொல்றேன்," என்றார்.

கேட்டது லேசாக இருக்கவில்லை. மறுநாள் காலை இயந்திரங்களுக்கு நடுவே முப்பத்திரண்டு பேரும் நின்றார்கள். அக்கா பேசினார். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்த ஒரு பெண், அக்காவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எவளோ வாய்க்கால்ல கீர போட்டா அதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா? ஒனக்கு மாசச் சம்பளம். ஒனக்கு மூணு நாளா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கும் மூணு நாள்தான்," என்றேன். பெருந்தன்மையில் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மாவின் மாத்திரைச் செலவு ஞாபகம் வந்தது, ஆனால் வாயிலிருந்து வந்தது வந்துவிட்டது.

அக்கா கையைத் தட்டி அவர்களைத் தன் பக்கம் திருப்பினார். "எங்க வூட்டுல மூணு நாள் மீனு, நாலு நாள் சும்மா. கடலு அப்படித்தான். செத்தா பூட்டோம்? இன்னிக்கி ஆறு பேரு வூட்டுக்குப் போவாளுங்க, அடுத்த மாசம் இன்னும் ஆறு. கடைசியில யாரு நிப்பா? சொல்லுங்கடி."

ஐந்து பேர் அன்றே கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் போட்ட பெண் போகவில்லை. ஆனால் அதன் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. ஆக, முதலாளி நிறுத்துவதாக இருந்தது ஆறு பேரை. நாங்கள் நல்லது செய்து ஐந்து பேரை இழந்தோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இந்தக் கழித்தல் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ப்ளோயர் மறுபடி ஓடத் தொடங்கியும் தொட்டியைத் திரும்ப உயிர்ப்பிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணன் ஊரிலிருந்து பசுஞ்சாணியைச் சாக்கில் கட்டி, டிவிஎஸ் வண்டியின் பின்னால் வைத்துக் கொண்டுவந்தார். வாளியில் கரைத்து ஊற்றுவார். அதோடு வெல்லப்பாகு. படித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, ஆனால் புத்தகம் சாணியின் சூட்டைப் பற்றிச் சொல்லவில்லை; வாளியைத் தொட்டால் கை வெதுவெதுவென்றிருக்கும். நானும் முழங்கை வரை கரைத்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு அப்படியே இருந்தது, நாற்றம் அப்படியே இருந்தது. "விட்டுடலாமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் அடுத்த வாளியைக் கரைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாற்றம் குறைந்திருந்தது. மூக்கு பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் ஓரங்களில் பழுப்பு நுரை கட்டியது. அண்ணன் குனிந்து ஒரு குவளையில் மொண்டு, வெயிலில் வைத்துப் பார்த்தார். சேறு தனியாகத் திரண்டு மெதுவாக அடியில் இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் வழியாக அவர் கட்டைவிரல் தெரிந்தது.

"பொழச்சிக்கிச்சு," என்றார். அவ்வளவுதான். போய்க் கை கழுவிக்கொண்டு டீ குடித்தார். பதிவேட்டில் அன்று நான் எழுதிய எண் நன்றாக இல்லை. ஆனாலும் அது சோதித்து வந்த எண்.

மூன்று நாள் வாரம் கோடை தாண்டியும் ஓடியது. மீதி நாட்களில் நான் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்தேன். அக்கா வைத்திக்குப்பத்தில் உறவுக்காரப் பெண்களோடு சேர்ந்து மீன் வாங்கி விற்றார். நூல் வெட்டிய பெண்கள் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். எல்லோரும் இரண்டு இடத்தில் வேலை பார்த்து ஓரிடத்துக் கூலியைச் சேர்த்தோம். ஒருவருக்கும் முகத்தில் தெளிவில்லை.

பிறகு அமெரிக்காவில் கொஞ்சம் சரியாகிவிட்டது என்றார்கள். ஆர்டர்கள் திரும்பி வந்தன, ஆனால் எங்களுக்கு வரவில்லை. வேறு தேசத்தில் இன்னும் மலிவாகச் செய்து தருகிறார்களாம். அங்கே தண்ணீரை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலாளி கடைசி வரை இழுத்துப் பார்த்தார். அந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன் இயந்திரங்களை விற்றுவிட்டார். லாரியில் ஏற்றும்போது அவர் வெளியே வரவில்லை. எங்கள் ஒவ்வொருவருக்கும் தரவேண்டியதைத் தந்தார்; என்னிடம், "அந்த யோசன இல்லன்னா பொங்கலப்பவே பூட்டியிருப்பேன்மா," என்றார். எட்டு மாதம் தள்ளிப்போட்டோம் என்று அர்த்தம். அதைப் பெரிதென்றும் சொல்ல முடியவில்லை, சிறிதென்றும் சொல்ல முடியவில்லை.

காற்றுத் தொட்டியை அண்ணன்தான் நிறுத்தினார். வாங்கியவர்கள் ப்ளோயரையும் கேட்டிருந்தார்கள். முந்தின நாள் தொட்டியிலிருந்து இரண்டு குடம் பழுப்புச் சேற்றை மொண்டு, வண்டியில் கட்டிக்கொண்டார். அதே பேட்டையில் வேறொரு ஆலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே தொட்டி செத்துக் கிடக்கிறது, இதை ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்றார். பிடித்துக்கொண்டதா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரே ஒருமுறை பேட்டைக்குப் பின்னால் போனேன். கீரைக்காரப் பெண் அங்கேதான் இருந்தார். பாத்திகளில் பாதி தரிசாகக் கிடந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நடுவுல கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சும்மா, கீர தெளிஞ்சி வந்துச்சு," என்றார். "இப்ப மறுபடி மஞ்சளா ஒரு தண்ணி வருது. அது எவன் வீட்டுதுன்னு தெரியல." இப்போது மொத்தக் கடையில் கீரை எடுத்து விற்பதாகச் சொன்னார். தண்டுக்கீரை ஒரு கட்டு கொடுத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை. நடுவில் நன்றாக இருந்தது எதனால் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு முன் கெட்டது எதனால் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆலை மூடிய பிறகு ஒரு வாரம் நான் தூங்கினேன். சாப்பிட எழுந்து, மறுபடி தூங்கினேன். அம்மா ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, சான்றிதழ்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, குடிதண்ணீர் கேன் நிரப்பும் கம்பெனி ஒன்றில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். ஆறு நாள் வேலை என்றார்கள். சரி என்றேன்.